ஈரச் சாலையும் என் இடது காலும்

முதலில் வலி தெரியவில்லை. என் இடது பாதம்தான் தெரிந்தது. நான் மல்லாந்து கிடந்தேன். மழை முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. வானத்தைப் பார்க்க வேண்டிய முழங்கால் பக்கவாட்டில் சாய்ந்து, பாதம் முழுக்க வெளிப்பக்கம் திரும்பி, வேறு யாருடைய காலோ போலக் கிடந்தது. அதை நேராக்க நினைத்தேன். அந்த நினைப்பு இடுப்புவரை போயிற்று. அதற்குக் கீழே போகவில்லை.

தொடை எலும்பு முறிந்து கட்டிலில் கிடப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். மழையில் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்களும் படிக்கலாம். ஒருவகையில் இது அவர்களுக்கும்தான்.

அது மலாயாவில் ஜப்பான்காரன் ஆண்ட காலம், இரண்டாவது வருஷம். எனக்கு வயது இருபத்தாறு. செமிலிங் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் இயந்திரக் கொட்டகையில் வேலை. வெள்ளைக்கார மானேஜர் போட்டுவிட்டு ஓடிய மோட்டார் சைக்கிள் ஒன்று அங்கே இருந்தது. ஆஸ்பத்திரி வேலைக்கென்று கிராணி (தோட்ட அலுவலக எழுத்தர்) எப்படியோ அதற்கு ஒரு பாஸ் வாங்கி வைத்திருந்தார். அதை ஓட்டத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

பெட்ரோல் கிடையாது. ரப்பரைக் காய்ச்சி வடித்த எண்ணெயில் ஓட்டினோம். புகை கரியாக வரும். புது டயரும் கிடையாது. ரப்பர் தோட்டத்தில் இருந்துகொண்டு டயர் இல்லையே என்று சிரிப்போம். இருந்த இரண்டும் தேய்ந்து, பட்டைகள் அழிந்து, தலை வழுக்கை போல வழவழவென்று ஆகிவிட்டன. எனக்கு அது உறுத்தவே இல்லை. வண்டி ஓடுகிறது, அது போதும் என்றிருந்தேன். நிற்பதைப் பற்றி அன்றுவரை நான் யோசித்ததே இல்லை.

தோட்டத்து ஆஸ்பத்திரி மிஸி (தாதி) தாயம்மா அக்கா. பிரசவம் பார்ப்பதும் அவர்தான். அன்று மத்தியானம் நாலாவது டிவிஷனிலிருந்து (தோட்டப் பிரிவு) ஆள் வந்தது. ஒரு பெண்ணுக்கு முந்தின நாளிலிருந்து வலி. பிள்ளை கால் பக்கமாக வருகிறதாம். அக்கா பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு என் பின்னால் உட்கார்ந்தார்.

ரப்பர் மரங்கள் இலை உதிர்த்து முடித்திருந்த மாதம். வாரக்கணக்கில் மழை இல்லை. சாலையெங்கும் புழுதி, எண்ணெய்க் கறை, காய்ந்த இலை. நாங்கள் பாதி வழி போனபோது மழை பிடித்துக்கொண்டது. வெயிலுக்குப் பிறகு வரும் முதல் மழைதான் சாலையைச் சோப்புப் போட்டதுபோல ஆக்கும் என்பது எனக்குத் தெரியாத விஷயம் அல்ல. ஆனாலும் வேகத்தைக் குறைக்கவில்லை. பிள்ளை வழியில் சிக்கிவிடுமே என்ற அவசரம்.

ஒரு வளைவு. அதன் மறுபக்கம் நேற்றுவரை இல்லாத மூங்கில் தடுப்பு. பக்கத்தில் துப்பாக்கியோடு ஒரு ஜப்பான் சிப்பாய். அந்தத் தடுப்புகளில் இறங்கி, குனிந்து வணங்கிவிட்டுத்தான் போக வேண்டும். நிற்காதவன் கதி எல்லாருக்கும் தெரியும்.

அந்த வண்டியில் முன் சக்கரப் பிரேக் வலது கையில். பின் சக்கரப் பிரேக் இடது காலில். வண்டி இன்னும் வளைவில் சாய்ந்திருக்கும்போதே, பயத்தில், இருந்த பலம் முழுவதையும் வலது கையில் வைத்து இறுக்கினேன். முன் சக்கரம் சுற்றுவதை நிறுத்திவிட்டது. ஆனால் வண்டி நிற்கவில்லை. இலைகளின் மேல் படகு போல வழுக்கிக்கொண்டு போயிற்று. இடது கால் பிரேக்கையும் உதைத்தேன். அடுத்த கணம் வண்டி என் இடது தொடையின் மேல், தொடை சாலையோரச் சிறுபாலத்துக் கல்லின் மேல்.

அக்கா புல்லில் போய் விழுந்திருந்தார். முழங்கையில் சிராய்ப்பு மட்டும். சிப்பாய் கத்தினான். அவர் எழுந்து, சேறு வடிய நின்று, இடுப்புவரை குனிந்து வணங்கினார். பதிலுக்குக் காத்திருக்காமல், "ஓராங் சாகிட், துவான். சாகிட்" (நோயாளி, ஐயா) என்று மலாயில் சொல்லி என்னைக் காட்டிவிட்டு என் பக்கத்தில் மண்டியிட்டார்.

"தம்பி, என்னப் பாரு. கால அசைக்காத. வெரல நசுக்குறேன், தெரியுதா?"

"தெரியுதுக்கா."

புறங்காலில் விரலை வைத்து நாடி பார்த்தார். "ஓட்டம் இருக்கு. தொட எலும்புதான் போயிருக்கு." பெட்டியிலிருந்த துணியையெல்லாம் கிழித்து, என் இரண்டு கால்களையும் சேர்த்து இடுப்பிலிருந்து கணுக்கால்வரை கட்டினார். "இந்த நல்ல காலுதான் இப்ப ஒனக்குப் பலக."

கட்டி முடித்ததும் பெட்டியை எடுத்துக்கொண்டார். எனக்கு அப்போதுதான் புரிந்தது.

"அக்கா, என்ன விட்டுட்டுப் போறீங்களா?"

"அங்க ரெண்டு உசுரு, தம்பி. நீ தாங்குவ. ஆள அனுப்புறேன்."

மூன்று மைல். அந்த மழையில், சிராய்த்த கையோடு, திரும்பிப் பார்க்காமல் நடந்தார். அன்று எனக்குக் கோபம் வந்தது. அந்த முதுகு வளைவில் மறைந்ததை இப்போது நினைத்தால் உடம்பு சிலிர்க்கிறது.

சிப்பாய் கொஞ்ச நேரம் நின்று பார்த்தான். பிறகு ஓரத்திலிருந்து பெரிய சேம்பிலை ஒன்றைப் பறித்து வந்து என் முகத்துக்கு மேலே பிடித்தான். ஆள் வரும்வரை பிடித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு நற்சான்று கொடுக்க இதை எழுதவில்லை. இதே உடுப்புப் போட்டவர்கள் சந்தையில் வயதானவர்களை அறைந்ததை நான் பார்த்திருக்கிறேன். இதுவும் நடந்தது, அவ்வளவுதான்.

புல் வெட்டும் ஆட்கள் ஒரு கதவைக் கழற்றிக்கொண்டு வந்து என்னை அதில் கிடத்தித் தூக்கிப் போனார்கள். கதவு அசைந்தபோதுதான் வலி வந்தது. அதை எழுத என்னிடம் சொல் இல்லை.

தோட்டத்து டிரஸ்ஸர் (டாக்டர் இல்லாத இடத்தில் வைத்தியம் பார்ப்பவர்) ராஜமாணிக்கம் ஐயா ஐம்பதைத் தாண்டியவர், குறைவாகப் பேசுபவர். ஒரு நூலை எடுத்து இடுப்பு எலும்பிலிருந்து கணுக்கால்வரை இரண்டு கால்களையும் அளந்தார். இடது கால் இரண்டு அங்குலம் குறைந்திருந்தது.

"ஐயா, கால் குட்டையாப் போச்சா?" என்று என் மனைவி செல்லம்மா கேட்டாள்.

"ஒடஞ்ச துண்டு ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கிட்டு இருக்கும்மா. தொடச் சத பலமானது, சுருட்டி இழுக்குது. நாம எதிர்ப்பக்கம் இழுத்துப் பிடிக்கணும்."

"எத்தன நேரம்?"

"மூணு மாசம்."

"மூணு மாசம் யாருங்கய்யா இழுப்பா?"

"மணல் மூட்ட."

எக்ஸ்ரே கிடையாது. மாவுக்கட்டு கிடையாது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக லாரியும் கிடையாது. அவர் செய்தது இழுவைக் கட்டு (எடை தொங்கவிட்டு எலும்பை நேராக இழுத்துவைக்கும் முறை). காலின் இரண்டு பக்கமும் துணிப்பட்டைகளை வைத்து ஒட்ட வேண்டும். ஒட்ட மருந்துப் பசை இல்லை. அன்று காலை இறக்கிய ரப்பர் பாலைத் தடவி ஒட்டினார். பட்டையின் நுனியில் கயிறு. கயிறு கட்டிலின் கால்மாட்டில் பொருத்திய ஒரு மரச்சக்கரத்தின் மேலே போய், மறுபக்கம் ஒரு சிறிய மணல் மூட்டையில் முடிந்தது. கால்மாட்டுக்குக் கீழே செங்கல் வைத்து உயர்த்தினார்.

நான் அந்த மூட்டையைப் பார்த்தேன். ஒரு கைக்குழந்தை அளவுதான் இருந்தது.

"இது எப்படிங்கய்யா இழுக்கும்? நாலு பேரு புடிச்சு இழுத்தா இன்னைக்கே சரியாயிடாதா?"

"வெடுக்குன்னு இழுத்தா சத எதுத்துக்கும். மெதுவா, விடாம இழுத்தா அதுவே விட்டுக் குடுக்கும். பாரேன்."

மூன்றாம் நாள் நூலால் அளந்தார். வித்தியாசம் ஒரு அங்குலமாகக் குறைந்திருந்தது. ஒன்பதாம் நாள் இரண்டு கால்களுக்கும் அரை அங்குலம்தான் வித்தியாசம்.

தாயம்மா அக்கா இரண்டாம் நாளே வந்தார். "பொம்பளப் புள்ள. அம்மாவும் நல்லா இருக்கா" என்றார். கட்டைச் சரிபார்த்துவிட்டுப் போனார்.

மூன்று மாதம் மல்லாந்து கிடப்பது எப்படியென்று கிடக்கிறவர்களுக்குத் தெரியும். முதல் வாரங்களில் தொடைச் சதை திடீர் திடீரென்று இழுத்துப் பிடிக்கும். கத்தாமல் இருக்க முடியாது. பிறகு மலேரியா வந்தது. கொயினா மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுத்தார்கள். முதுகில் படுக்கைப்புண் (ஒரே இடம் அழுந்துவதால் வரும் புண்) வராமல் இருக்க, செல்லம்மா தினம் பலமுறை இடுப்பைத் தூக்கித் துடைத்துவிடுவாள். மரவள்ளிக்கிழங்குதான் மூன்று வேளையும். சாக்கடை ஓரம் ஆருவான் மீன் (விரால்) கிடைத்தால் புண்ணுக்கு நல்லது என்று எனக்கு மட்டும் குழம்பு வைப்பாள். "நீ?" என்று கேட்டால், "நான் அப்பவே சாப்ட்டேன் லா" என்பாள். அவள் கன்னம் ஒட்டிப்போனதை நான் பார்க்காமல் இல்லை.

ஒருநாள் சயாம் (தாய்லாந்து) காட்டில் போடும் ரயில் பாதைக்கு ஆள் எடுக்க ஜப்பான்காரர்கள் வந்தார்கள். என் கட்டிலருகில் நின்று மணல் மூட்டையைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். எங்கள் லயத்தில் (தொழிலாளர் வீட்டு வரிசை) இருந்து இருவர் போனார்கள். ஒருவர்தான் திரும்பினார். என் முறிந்த கால் என்னைக் காப்பாற்றியது என்று பிறகு பலர் சொன்னார்கள். அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை.

ஏழாவது வாரம் டிரஸ்ஸர் ஐயா என் கையைப் பிடித்துத் தொடையின் நடுவில் வைத்தார். "நல்லா அழுத்திப் பாரு."

சதைக்கு அடியில் கோழிமுட்டை அளவுக்கு ஏதோ கெட்டியாக இருந்தது.

"என்னங்கய்யா இது? கட்டியா?"

"புது எலும்பு. ஒடஞ்ச எடத்தச் சுத்தி வளந்திருக்கு."

நான் கையை எடுக்கவில்லை. மரவள்ளிக்கிழங்கையும் ஆருவான் மீனையும் வாங்கிக்கொண்டு, நான் காய்ச்சலில் உளறிய நாட்களிலும், செத்துப்போகலாம் என்று நினைத்த நாட்களிலும், என்னை ஒரு வார்த்தை கேட்காமல் உள்ளே யாரோ வேலை பார்த்திருக்கிறார்கள். இயந்திரக் கொட்டகையில் உடைந்த இரும்பை எத்தனையோ ஒட்டியிருக்கிறேன். எந்த இரும்பும் தானாக ஒட்டிக்கொண்டது கிடையாது.

"இதுக்கு யாருங்கய்யா சொல்லிக் குடுத்தா?"

"முப்பது வருஷமாப் பாக்குறேன் தம்பி. எனக்கும் தெரியல."

அவர் கண் கலங்கியிருந்தது. முப்பது வருஷத்துக்குப் பிறகும் அவருக்கு அது பழகவில்லை.

அதன் பிறகு படுக்கை எனக்குச் சிறையாக இல்லை. உடம்பு வேலை செய்யும் இடத்தில் நானும் கூட இருக்கிறேன் என்று தோன்றியது. அந்த வளைவைத் திரும்பத் திரும்ப மனதில் ஓட்டினேன். மழை, டயர், சிப்பாய் என்று பழி போட ஆளுக்குக் குறைவில்லை. ஆனால் மணல் மூட்டையைப் பார்த்துக்கொண்டே கிடந்தவனுக்கு ஒரு விஷயம் புரிந்தது. அன்று பிரேக்கையும் நான் வெடுக்கென்றுதான் இழுத்திருக்கிறேன்.

பன்னிரண்டாவது வாரம் என்னை நிற்க வைத்தார்கள். கால் அரை அங்குலம் குட்டை. தொடை சூம்பி, முழங்கால் பாதிதான் மடங்கியது. ரப்பர் மரத்தில் செய்த கவைக்கோலோடு நடந்தேன். பிறகு ஒரு கம்போடு. அந்த நாலாவது டிவிஷன் பெண் ஒருமுறை பிள்ளையைத் தூக்கிவந்து காட்டினாள். அதற்குக் கழுத்து நின்றிருந்தது.

எட்டாவது மாதம், சுங்கைப் பட்டாணி டவுனிலிருந்து மருந்து கொண்டுவர ஆள் இல்லை. "ஓட்டுவியா?" என்றார் டிரஸ்ஸர் ஐயா. என்னைக் கட்டாயப்படுத்தவில்லை.

"முதல்ல நிப்பாட்டக் கத்துக்கிறேன்" என்றேன்.

ரப்பர்த் தகடு உலர்த்தும் புகைக்கூடத்துக்கு முன்னால் சிமெண்டுத் தளம் ஒன்று இருந்தது. செல்லம்மா வாளியில் தண்ணீர் மொண்டு ஊற்றினாள். நான் ஓட்டிவந்து நிறுத்துவேன். மறுபடி ஊற்றுவாள். "தண்ணி எறச்சு என் இடுப்பு ஒடியுது, இன்னும் எத்தன தடவ?" என்று கேட்டுக்கொண்டே சாயங்காலம்வரை ஊற்றினாள். ஒரு வாரம் இப்படி.

இடது காலால் உதைக்க முடியவில்லை. முழங்கால் மடங்காது. பலம் வர நேரமாகும். அதனால் முன்கூட்டியே தொடங்க வேண்டியிருந்தது. முதலில் எண்ணெயைக் குறைத்து, இயந்திரமே சக்கரத்தைப் பிடிக்கும்படி விடுவேன். வண்டியைச் சாய்க்காமல் நேராக வைப்பேன். இடது காலை மெதுவாக அழுத்துவேன். பிறகு வலது கையில் இரண்டு விரல் மட்டும், பால் கறப்பதுபோல. சக்கரம் வழுக்குகிறது என்று தெரிந்தால் உடனே விட்டு, மறுபடி பிடிப்பேன். வளைவு என்றால் இதெல்லாம் வளைவுக்கு முன்பே முடிந்துவிட வேண்டும். நல்ல கால் இருந்தபோது இவற்றில் ஒன்றைக்கூட நான் செய்ததில்லை.

சுங்கைப் பட்டாணிக்குப் போய்த் திரும்பும்போது பீடோங் ஊரைத் தாண்டி மழை வந்தது. பயந்தேன். நிறுத்தி ஒதுங்கலாமா என்று நினைத்தேன். மருந்து நனையாமல் நெஞ்சோடு கட்டியிருந்தேன். மெதுவாகப் போனேன்.

வெகுதூரத்தில் சாலையோரப் புதர் அசைந்தது. அசைந்தது மட்டும்தான். அதற்கே என் வலது கை எண்ணெயைக் குறைத்துவிட்டது. இடது கால் இறங்கத் தொடங்கிவிட்டது. பிறகுதான் எருமையின் தலை வெளியே வந்தது. அது சாலைக்கு நடுவில் வந்து நின்று என்னைப் பார்த்தது. நான் இன்னும் வந்துகொண்டிருந்தேன். அந்த ஈரத்தில் சக்கரங்கள் தரையைப் பிடிப்பதை, விடுவதை, மறுபடி பிடிப்பதைக் காலில் உணர்ந்தேன். எவ்வளவு நேரம்! ஒரு கணம் என்று நான் நினைத்திருந்ததற்குள் இவ்வளவு இடம் இருந்திருக்கிறது. ஒவ்வொரு முழத்தையும் தனித்தனியாகக் கடந்தேன்.

எருமைக்கு முன்னால் பத்தடி மிச்சம் வைத்து வண்டி நின்றது.

அது சாவகாசமாகக் கடந்து போயிற்று. அதன் பின்னால் கன்று ஒன்று போயிற்று. சூடான இயந்திரத்தின் மேல் மழைத்துளிகள் விழுந்து சீறின. நான் கிளம்பவில்லை. கீழே பார்த்தேன். இடது பாதம் தாரில் நேராக, விரல்கள் முன்னோக்கி, ஊன்றியிருந்தது. வண்டியின் கனத்தையும் என் கனத்தையும் சேர்த்து அது ஒன்றே தாங்கிக்கொண்டிருந்தது.