டூஹிக் வீட்டு பிஸ்கட் டின்னின் கீழடுக்கு

டிம்ப்னா டூஹிக் கீழடுக்கைத் திறந்துவிட்டாராம். அதுவும் மேலடுக்கில் பாதிக்குமேல் இருக்கும்போதே.

கிறிஸ்துமஸ் கழிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. அயர்லாந்தின் மக்ரூம் ஊரில், எங்கள் கடைத்தெருவில் ஹம்ஃப்ரியின் கறிக்கடை வரிசையில் நின்றபோது இது என் காதில் விழுந்தது. எங்கள் ஊரில் ஒருவர் குதிரைப் பந்தயத்தில் நிலத்தை விடலாம், அண்ணன் தம்பி இருபது வருடம் பேசாமல் இருக்கலாம். அதையெல்லாம் குடும்ப விஷயம் என்று பெரிய மனதோடு விட்டுவிடுவோம். ஆனால் கிறிஸ்துமஸ் பிஸ்கட் டின்னில் மேலடுக்கு தீருமுன் இரண்டு அடுக்குக்கும் நடுவிலிருக்கும் நெளிக்காகிதத்தை ஒருவர் தூக்கினால் அது பொது விஷயம்.

செய்தியைக் கொண்டுவந்தவர் டூஹிக் வீட்டுக்கு அடுத்த வீட்டு பிரீடா க்ரோனின்.

"என் கண்ணால பாத்தேன். தட்டுல ஜாம் வச்சது இருந்துச்சு. அது கீழடுக்குலதான வரும்?"

"மேல என்ன மிச்சம்?" ஹம்ஃப்ரி கத்தி தீட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"ஒண்ணும் வைக்காத பிளெயின் பிஸ்கட்டு பூரா அப்படியே இருக்கு. ஒண்ணக்கூடத் தொடல."

எனக்கு முன்னால் நின்ற ஒருவர் சிலுவை போட்டுக்கொண்டார்.

"அப்ப ஒண்ணு, அவளுக்குப் புத்தி கலங்கியிருக்கணும்," என்றார் ஹம்ஃப்ரி. "இல்லன்னா மோஸி கதை முடியப்போகுது. யாருக்கு சாசேஜ்?"

மோஸி, டிம்ப்னாவின் கணவர். பால் பண்ணை லாரி ஓட்டி ஓய்வுபெற்றவர். நுரையீரலில் நீர் கோத்து கார்க் நகரத்து ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு, பண்டிகைக்கு நாலு நாள் முன்னால்தான் வீட்டுக்கு வந்திருந்தார். ஹம்ஃப்ரி சொன்னது எனக்குச் சுருக்கென்றது. மாலையில் நேரே போய்ப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

டிம்ப்னாவை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒன்பது பிள்ளைகள் இருந்த வீட்டில் எட்டாவதாகப் பிறந்தவர். அவருடைய ஐந்தாவது வயதில் அப்பா கிறிஸ்துமஸுக்கு ஒரு டின் வாங்கிவந்தார். அண்ணன்மார் முதல் நாளே இரண்டு அடுக்கையும் காலிசெய்ய, டிம்ப்னாவுக்குக் கிடைத்தது நெளிக்காகிதம். அரசியல் கொள்கைகள் இதைவிட அற்பக் காரணங்களுக்கு உருவாகியிருக்கின்றன. தனக்கென்று ஒரு வீடு அமைந்ததும் அவர் சட்டம் போட்டார்: மேலே தீராமல் கீழே கிடையாது. ஐந்து பிள்ளைகளும் அந்தச் சட்டத்தின் கீழ்தான் வளர்ந்தார்கள். ஒரு வருடம் பங்குத்தந்தை பேச்சுவாக்கில் காகிதத்தின் ஓரத்தைத் தூக்கியபோது, "ஃபாதர், கடவுளே உலகத்த வரிசையாத்தான் படைச்சாரு," என்று டின்னை இழுத்துக்கொண்டவர் டிம்ப்னா. தந்தை அந்த வருடம் சாக்லேட் தடவியதற்கு வழியில்லாமல் மாரி பிஸ்கட்டோடு போனார்.

கையை வீசிக்கொண்டு போக முடியாதே என்று உலர்பழம் அடைத்த குட்டிப் பணியாரம் ஒரு பெட்டி வாங்கிப் போனேன். டிம்ப்னா பெட்டியைத் திருப்பி அடியில் ஒட்டியிருந்த விலைச்சீட்டைப் பார்த்தார்.

"கடையில வாங்கினதா?"

"ஆமாங்க."

"பரவால்ல, உள்ள வா. குருவிங்களுக்கு ஆகும். டீ குடிக்கிறியா?"

"வேண்டாங்க."

"அரை கப்பு?"

"ஐயோ, இப்பத்தான் குடிச்சிட்டு வரேன்."

மூன்றாம் முறை கேட்டபோது ஒத்துக்கொண்டேன். அதற்குள் தண்ணீர் கொதித்துவிட்டிருந்தது. அடுப்போரம் நாற்காலியில் கம்பளிக்குள் மோஸி கண்ணை மூடியிருந்தார். லாரிக் கதவை அடைத்துக்கொண்டு உட்காரும் மனிதர். இப்போது கம்பளிதான் பெரிதாகத் தெரிந்தது.

"நீ டீக்கு வரல," என்றார் டிம்ப்னா. "பிரீடா சொன்னது நெசமான்னு பாக்க வந்திருக்க."

"இல்லீங்க..."

"பொய் சொல்லாத. பண்டிகை நாளு."

டின்னை எடுத்து மேசையில் வைத்துத் திறந்தார். மேலே பிளெயின் பிஸ்கட்டுகள் மட்டும் ராணுவ அணிவகுப்பு மாதிரி நின்றன. நெளிக்காகிதம் ஒரு மூலையில் மடங்கியிருந்தது.

"நெசந்தான். நான்தான் தூக்கினேன்," என்றார்.

பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். கிறிஸ்துமஸ் அன்று வான்கோழி, கிராம்பு குத்திய ஹாம், மூன்று விதமாக உருளைக்கிழங்கு, யாரும் விரும்பாவிட்டாலும் மேசையில் இருந்தே ஆகவேண்டிய குட்டி முட்டைக்கோஸ், எல்லாம் செய்தார். பிள்ளைகள் எல்லோரும் வந்திருந்தார்கள். மோஸி ஒரு கரண்டி மசித்த கிழங்கைத் தட்டில் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குத் தள்ளினார். அவ்வளவுதான். விஸ்கி ஊற்றிக் கொளுத்திய புட்டிங்கின் நீலத் தீயைக்கூட அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. மூத்த மகள் அசம்ப்டா நர்ஸ். பாத்திரம் கழுவும்போது அம்மாவிடம், "இப்படியே சாப்பிடாம இருந்தா தாங்காதும்மா," என்று மட்டும் சொன்னாள்.

"மறுநாள் பிரீடா கேக்கு கொண்டாந்தா. டீ போட்டேன், டின்ன எடுத்து வச்சேன். பிரீடா அவ மருமகளத் திட்டிட்டு இருந்தா. திடீர்னு இந்த மனுஷன், 'அடியில ஜாம் வச்சது இருக்குமே'ன்னார். ஆஸ்பத்திரிக்குப் போன நாள்லேந்து இது வேணும்னு ஒரு வார்த்தை அவர் வாயில வரல. நான் என்ன செய்ய? மேல தீரட்டும்னு சொல்லவா?"

"பிரீடா இதச் சொல்லவே இல்லையே."

"அவ ஜாம் பிஸ்கட்டத்தான் பாத்தா. அத தின்ன வாயப் பாக்கல."

"ரெண்டு தின்னேன்," என்றது கம்பளி. மோஸி ஒரு கண்ணை மட்டும் திறந்திருந்தார். "அதையும் எழுதிக்க."

"அவன் எழுதமாட்டான். நீ தூங்கு."

"மேலடுக்கு ஏன் தீரலன்னு கேளு அவள. நாப்பது வருஷமா இந்த வீட்ல பிளெயின யாரு தின்னான்னு கேளு."

டிம்ப்னா தேநீர்க் கெண்டியை எடுத்துக்கொண்டே, "நீதான் தின்ன. உனக்குத்தான் அது பிடிக்கும்," என்றார்.

"எனக்கா? அட்டைய மென்னமாதிரி இருக்கும் பொண்ணே. பிள்ளைங்க அஞ்சும் காகிதத்தையே பாத்துட்டு உக்காந்திருக்கும். நீ விடமாட்ட. யாராவது ஒருத்தன் தின்னு தொலைக்கணுமில்ல?"

கெண்டி பாதி தூரத்தில் நின்றது. நாற்பது வருடச் சட்டம் ஒரு லாரி டிரைவரின் தாடையில் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. சட்டம் போட்டவருக்கே அது இப்போதுதான் தெரிகிறது. டிம்ப்னா என் கோப்பையை நிரப்பினார்; அது ஏற்கெனவே நிரம்பியிருந்தது. சாசரில் வழிந்ததை நான் குடித்தேன்.

"சரி," என்றார் கடைசியில். "ஆனா சட்டம் சட்டந்தான். கீழேந்து எடுத்தது கடன். ஒரு ஜாமுக்கு ஒரு பிளெயின். உடம்பு தேறினதும் கட்டணும்."

"வட்டி உண்டா?"

"வட்டிக்கு சூப்பு குடி."

அன்று மோஸி நாலு கரண்டி சூப்பும், அதன் பேரில் இன்னொரு ஜாம் பிஸ்கட்டும் எடுத்துக்கொண்டார். நான் கறிக்கடைக்குப் போய், புத்தியும் கலங்கவில்லை, யாரும் போகவும் இல்லை என்று ஹம்ஃப்ரியிடம் சொன்னேன். வரிசையில் இருந்தவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

ஜனவரி ஆறாம் தேதி பெண்களின் கிறிஸ்துமஸ். பண்டிகை முழுக்க உழைத்த பெண்கள் ஓட்டலுக்குப் போய்ச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். வீட்டில் ஆண்கள் அடுப்பைப் பார்த்துத் திருதிருவென்று விழிப்பார்கள். டிம்ப்னா போகமாட்டேன் என்று அடம்பிடித்தார். பிரீடாதான் கோட்டை மாட்டிவிட்டு இழுத்துக்கொண்டு போனார். மோஸிக்குக் காவல் நான்.

அவர் எழுந்தார். நாற்காலி, மேசை, அலமாரி என்று பிடித்துப் பிடித்து அடுப்பை அடைந்தார். நான் உதவிக்குப் போனால், "இன்னிக்கு ஆம்பளதான சமைக்கணும், தள்ளு," என்றார். மசாலா தடவி ஊறவைத்து வேகவைத்த மாட்டிறைச்சியில் மிச்சமிருந்ததைத் தாள் மாதிரி சீவி, வெண்ணெய் தடவிய ரொட்டியில் வைத்து, நின்றுகொண்டே தின்றார். இன்னொன்று செய்தார். அது எனக்கு என்று நினைத்தேன். அதையும் அவரே தின்றார்.

டிம்ப்னா சிவந்த கன்னங்களோடு திரும்பிவந்து முதலில் இறைச்சித் தட்டைப் பார்த்தார். காலி. என்னைப் பார்த்தார்.

"நான் தொடலீங்க," என்றேன்.

அவர் கோட்டைக் கழற்றாமலேயே அலமாரிக்குப் போனார். டின்னை எடுத்துத் திறந்தார். கீழடுக்கில் ஜாம் வைத்தது ஒன்றுகூட இல்லை. மேலே அணிவகுப்பு குலையாமல் நின்றது.

"இறைச்சி இறங்குது, இது மட்டும் இறங்கலையா? எப்பக் கட்டப்போற?"

"உடம்பு இன்னும் முழுசாத் தேறல பொண்ணே."

பிப்ரவரியில் அவர் கடைத்தெரு வரை நடந்தார். ஹம்ஃப்ரியோடு விலைக்குச் சண்டைபோடும் அளவுக்குத் தேறியும்விட்டார். தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பலோடு கோயிலிலிருந்து வந்தவர், இந்தத் தவக்காலம் முழுக்க பிஸ்கட்டையே தொடுவதில்லை என்று நேர்ந்துகொண்டதாக மனைவியிடம் அறிவித்தார். பங்குத்தந்தையே சாட்சியாம்.

டிம்ப்னா டின்னை அலமாரியின் மேல்தட்டில் ஏற்றிவைத்திருக்கிறார். பிளெயின் ஒன்றுகூடக் குறையவில்லை.