முதுகு வாத்தியார்

வேற்றுமொழிப் படத்துக்கு டப்பிங் வசனம் எழுதுவதில் ஒரு கஷ்டம் உண்டு. திரையில் இருப்பவன் வாயை மூன்று தடவை திறந்தால் நம் வசனமும் மூன்று தடவைதான் திறக்க வேண்டும். ஒரு சலுகையும் உண்டு. அவன் முதுகைக் காட்டிவிட்டால் வாய் தெரியாது. எதை வேண்டுமானாலும் பேச வைக்கலாம். இந்தச் சலுகையை நம் வாத்தியாரைப் போல் அனுபவித்தவர் யாருமில்லை. ஒலிப்பதிவுக் கூடத்தில் அவருக்கு முதுகு வாத்தியார் என்றே பெயர். முகத்துக்கு நேராகக் கூப்பிட்டாலும் "என்னப்பா" என்று திரும்புவார்.

காட்டில் விலங்குகளோடு வளர்ந்து, விழுதைப் பிடித்துத் தாவுகிற அந்த நாயகனை யாராவது அவ்வப்போது தூசி தட்டிப் புதுப்படம் எடுத்துவிடுகிறார்கள். அதில் மூன்று படங்களுக்கு இவர்தான் வசனம். நடிகன் பாவம், பாறைமேல் முதுகைக் காட்டி நின்று சும்மா வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பான். இவர் அவனை, "ஆனைக்கும் அடி சறுக்கும், எனக்குச் சறுக்காது" என்று பேச வைப்பார். தியேட்டரில் விசில் பறக்கும்.

நான்காவது படம் வந்தபோது அவருக்கு அறுபத்தாறு வயது. மனைவி இறந்து ஒன்றரை வருடம். வெளியூரில் இருக்கும் மகன் ஞாயிற்றுக்கிழமை போன் செய்வான். சாப்பிட்டாரா, மாத்திரை போட்டாரா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவான். அவனையும் குறை சொல்ல முடியாது. மேலே கேட்டிருந்தால் சொல்ல இவரிடம் என்ன இருந்தது? சில நாள் பால் பாக்கெட் வாங்கும்போது பேசுவதுதான் அன்றைய மொத்தப் பேச்சு. அந்த வீட்டில் தனியாக இருப்பது அவருக்குத் துளியும் பிடிக்கவில்லை.

புதுப்படத்தில் நாயகனுக்கு வயதாகிவிட்டது. மனைவியைப் பறிகொடுத்துவிட்டுக் காட்டுக்கே திரும்புகிறான். குரங்குகளுக்குக்கூட அவனை அடையாளம் தெரியவில்லை. பாதிப் படம் முதுகுதான். ஆற்றங்கரையில் முதுகு, மரத்தடியில் முதுகு. வாத்தியாருக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. பதினோரு நாள் உட்கார்ந்து எழுதினார். ஒரு நகைச்சுவை வரிகூட வைக்கவில்லை. மனைவியிடம் சொல்லாமல் விட்டதையெல்லாம் அவன் தலையில் கட்டினார். வசனம் எழுதுகிறேன், சும்மா இரு என்று முப்பத்தெட்டு வருடம் அவளை அடக்கியிருந்தார். ஆற்றங்கரைக் காட்சிக்கு எழுதினார்: "உன்னைப் பேசாதேன்னு சொன்னேனே, இப்ப பேசேன்."

படநிறுவனத்தில் பொறுப்பிலிருந்த பெண்ணுக்கு மகன் வயதுதான் இருக்கும். எல்லாவற்றையும் பொறுமையாகப் படித்துவிட்டு, முதுகு வசனம் முழுவதையும் எடுத்துவிடச் சொன்னாள்.

"அவன் தனியா இருக்கான் சார். யார்கிட்ட பேசுவான்?"

"தனியா இருக்கிறவன்தாம்மா பேசுவான். கூட ஆள் இருக்கிறவனுக்கு என்ன அவசரம்?"

அவள் ஒப்பந்தத்தை எடுத்தாள். மௌனமான இடங்களில் ஒரு சொல்கூடச் சேர்க்கக்கூடாது என்று இயக்குநர் அதிலேயே எழுதியிருப்பதைக் காட்டினாள். வாழ்க்கையில் யாரிடமும் கெஞ்சாத மனிதர் அன்று கெஞ்சினார். மற்றதெல்லாம் போகட்டும், ஆற்றங்கரை வரி ஒன்றை மட்டும் விட்டுவைக்க வேண்டும். கேட்டுப் பார்க்கிறேன் என்றாள். இரண்டு நாள் போனைக் கையிலேயே வைத்திருந்தார். முடியாது என்று பதில் வந்தது. அந்த வரிகளையெல்லாம் ஒவ்வொன்றாக அவரே கோடு போட்டு அடித்துக் கொடுத்தார்.

படம் வந்த முதல் வாரம் டிக்கெட் வாங்கிப் பகல் காட்சிக்குப் போனார். அரங்கில் முக்கால்வாசி காலி. ஆற்றங்கரைக் காட்சி வந்தது. நாயகன் திரும்பி உட்கார்ந்தான். தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது. வாத்தியாருக்கு வாய் நிற்கவில்லை. அந்த வரியை மெதுவாகச் சொல்லிவிட்டார்.

இரண்டு இருக்கை தள்ளி ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவரும் தனியாகத்தான் வந்திருந்தார். இவர் பக்கம் சாய்ந்து கேட்டார்:

"என்கிட்டயாங்க பேசுனீங்க?"

"இல்லைங்க" என்றார் வாத்தியார்.

அவர் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டார். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம் என்று படம் முடியும்வரை வாத்தியார் நினைத்துக்கொண்டிருந்தார். பேச்சை எப்படி ஆரம்பிப்பது என்றுகூட யோசித்து வைத்தார். விளக்குப் போட்டபோது அந்த மனிதர் போய்விட்டிருந்தார்.