பீலித் தண்ணீரைத் தடுத்தவன்

மருத்துவமனையில் முதலில் வெட்டியது என் மனைவி செல்வியின் மோதிரத்தை. விரல் அவ்வளவு வீங்கியிருந்தது. வெந்நீர் பட்டவுடனேயே கழற்றியிருக்க வேண்டுமாம். எனக்குத் தெரியாது. தெரியாதவை இன்னும் இருந்தன.

அன்று காலை கந்தப்பளைத் தேயிலைத் தோட்டத்தில் கடும் குளிர். மகளைக் குளிப்பாட்டக் கொதிக்கவைத்த தண்ணீரை அடுப்பிலிருந்து இறக்கும்போது செல்விக்குப் பிடி நழுவியது. வலது கை முழங்கையிலிருந்து விரல்நுனி வரை வெந்துவிட்டது. பக்கத்து லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) அறையிலிருந்து பார்வதி அக்கா ஓடிவந்தார்; கொழும்பில் வீட்டு வேலை செய்து திரும்பியவர். வாசலுக்கு எதிரே பீலி (மலையூற்று நீர் விழும் குழாய்) ஓடிக்கொண்டிருந்தது.

"தம்பி, கைய பீலில புடிக்கச் சொல்லுங்க," என்றார்.

"வேணாங்கக்கா. இந்தக் குளிருல பச்சத்தண்ணி பட்டா ஜன்னி வந்துரும்."

எல்லாம் தெரிந்தவன் போலச் சொன்னேன். எங்கள் லயத்தில் பலரும் அப்படித்தான் நம்பினோம். பற்பசை பூசி, கம்பளியால் சுற்றி, ஆட்டோவுக்குக் காத்திருந்தோம்.

பற்பசையையும் ஒட்டியிருந்த கம்பளி நூலையும் மிஸ்ஸி (தாதி) எடுத்தபோது செல்வி கத்தியது வெளியே கேட்டது. நான் காதைப் பொத்திக்கொண்டேன்.

டாக்டர் கோபப்படவில்லை. கையை உடனே ஓடும் தண்ணீரில் இருபது நிமிடம் பிடித்து, மற்ற உடம்பைக் குளிராமல் போர்த்தி, சுத்தமான துணியால் காயத்தைத் தளர்வாக மூடிக் கொண்டுவந்திருந்தால் புண் இவ்வளவு ஆழம் போயிருக்காது என்றார். பேஸ்ட், எண்ணெய், ஐஸ் எதுவும் கூடாதாம். ஆட்டோ வர ஆன நேரமே இருபது நிமிடத்துக்கு மேல். இதைப் படிக்கிற நீங்களாவது தண்ணீருக்குப் பயப்படாதீர்கள்.

தோல் ஒட்டு (தொடையிலிருந்து மெல்லிய தோலை எடுத்துப் புண்ணில் வைப்பது) வைத்தார்கள். ஒட்டிக்கொண்டது. ஆனால் விரல்கள் பாதிதான் மடங்கின. கொழுந்து எடுக்க இரண்டு விரல் போதும் என்று சொல்லி மலைக்குப் போனவள், மதியத்துக்குள் திரும்பிவிட்டாள். கூடையைக் கழற்றிப் போட்டாள். அதற்குப் பிறகு போகவில்லை. என்னை அவள் ஒரு வார்த்தை குற்றம் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

போன வாரம் மகள் சுருண்டு படுத்திருந்தாள். செல்வி பழக்கத்தில் வலது கையை அவள் நெற்றியில் வைத்தாள். வைத்த கையை எடுக்காமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

"காய்ச்சலானு நீங்க தொட்டுப் பாருங்க. இந்தக் கைக்குச் சூடு தெரியமாட்டேங்குது."

தொட்டேன். கொதித்தது.