கவ்வாத்துச் செடியும் என் இரத்தக் குழாயும்

ஒரு தேயிலைச் செடியை என் இருதயத்தின் இரத்தக் குழாயாகப் பாவித்து, ஏறக்குறைய இரண்டு மாதம் தினமும் காலையில் அதைப் போய்ப் பார்த்து வந்தேன். நான் பாடசாலையில் விஞ்ஞானம் கற்பிப்பவன். வீட்டில் இரண்டு அலுமாரி நிறையப் புத்தகம் வைத்திருப்பவன். பெருமைக்காகச் சொல்லவில்லை; குற்றத்தின் கனம் தெரியட்டும் என்றுதான்.

கொழும்பில் என் குழாய் ஒன்றில் பலூனை ஊதி அடைப்பை விரித்து, மருந்து பூசிய கம்பிவலை ஒன்றையும் உள்ளே வைத்து, "இனிப் பயமில்லை" என்று அனுப்பினார்கள். நான் அதோடு விட்டிருக்கலாம். எங்கள் மலையூர் ஹல்துமுல்லைக்கு வந்த மறுநாளே போனில் வாசிக்க உட்கார்ந்தேன். பலூன் விரியும்போது குழாயின் உட்சுவர் கிழிகிறதாம். சுருங்கி விரிவதே தொழிலாக இருந்த தசைக் கலங்கள், அந்த வேலைக்கான புரதங்களைக் குறைத்துக்கொண்டு மேசன் வேலைக்கு மாறிவிடுகின்றனவாம். கொலாஜன் என்ற புரதத்தைக் குழைத்துக் காயத்தைப் பூசுகின்றன. பூச்சு அளவோடு நின்றால் காயம் ஆறிவிட்டது என்று பொருள். நிற்காவிட்டால் குழாய் மறுபடியும் ஒடுங்கும். எதுவென்று சில மாதங்களில் தெரிந்துவிடுமாம்.

அந்தச் சில மாதங்களைக் கழிப்பதுதான் பெரும்பாடாக இருந்தது.

மேல் வீட்டுக்காரர் கவ்வாத்து வெட்டியே வயதானவர். தேயிலைச் செடியைக் கத்தியால் மொட்டையடிக்கும் வேலை அது. கேட்க ஆள் கிடைத்ததே என்று அவரிடம் எல்லாவற்றையும் விளக்கினேன்.

"அட, நம்ம கவ்வாத்து மாதிரிதானே சார்! வெட்டுன எடத்துலதான் குபுகுபுன்னு மொளைக்கும்."

"எப்பண்ணே மொளைக்கும்?"

"ரெண்டு மாசம் வைங்க. இங்க குளிரு, மெதுவாத்தான் வரும்."

ரோட்டோர மலையில் அப்போதுதான் கவ்வாத்து முடிந்திருந்தது. படிக்கட்டின் பக்கத்தில் நின்ற ஒரு செடி, கொழும்பில் திரையில் காட்டிய என் குழாயைப் போலவே இரண்டாகக் கவடு பிரிந்திருந்தது. எனக்கு அது போதும். அன்றிலிருந்து காலை நடை அந்தச் செடியோடு முடிந்தது. மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு, குனிந்து, வெட்டுவாயைப் பார்ப்பேன். துளிர்த்தால் என் குழாயும் உள்ளே ஒடுங்குகிறது என்று கணக்கு; மொட்டையாக இருந்தால் அன்றைய பொழுது பிழைத்தேன்.

"நடக்கப் போறேன்னுட்டு அங்க என்னங்க குனிஞ்சுகிட்டு நிக்கிறீங்க?" என்று மனைவி கேட்டாள்.

"மூச்சு வாங்குறேன்."

செடியைப் பற்றிச் சொல்ல வெட்கப்பட்டுச் சொன்ன பொய். அன்றிலிருந்து வீட்டில் பயப்படுகிறவர்கள் இரண்டு பேரானோம். நான் இருமினால் அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து நிற்பாள்.

ஒருநாள் பனிமூட்டத்துக்குள் குனிந்து பார்த்தபோது, கவட்டுக்குக் கீழே அரிசிமணி அளவில் இரண்டு மொட்டுகள். சுற்றுமுற்றும் பார்த்தேன். கிள்ளி எறிந்தேன். மறுநாள் நான்கு, அவற்றையும் கிள்ளினேன். அடுத்த வாரம் மலை முழுக்கப் பச்சை கண்டது. என் கைக்கு எட்டிய அந்த ஒரு செடி மட்டும் மொட்டையாகவே நின்றது. ஆனாலும் படியேறும்போது நெஞ்சை எதுவோ பிடித்தது. இரண்டாம் முறை பிடித்ததும் மனைவி என்னை பதுளை ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏற்றினாள். வளைவுக்கு வளைவு என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தபடியே வந்தாள். அவளுக்கு நாடி பார்க்கத் தெரியாது.

ஓடும் பட்டியில் நடக்கவைத்து ஈசிஜி எடுத்தார்கள். டாக்டரம்மா தாளை இழுத்து இழுத்துப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு சார். ஓட்டத்துல கொறை ஒண்ணும் தெரியல."

"அந்தப் புரதமெல்லாம்..."

"சுவர்ல காயம் பட்டா ஆற வேணாமா? அதுக்குத்தான் அது வருது. அளவு மீறாமப் பாத்துக்கத்தானே வலையில மருந்து பூசியிருக்கு. நீங்க மாத்திரைய விடாமப் போடுங்க. ராத்திரியில போன்ல வாசிக்கிறத விடுங்க. நெஞ்சப் புடிச்சது பயமாத்தான் இருக்கணும். மறுபடி புடிச்சா ஒடனே வாங்க."

வரும் வழியெல்லாம் மனைவி தூங்கினாள். பல வாரத் தூக்கம் அது. பஸ்ஸை விட்டு இறங்கி, செடியைத் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். படிக்கட்டில் மேல் வீட்டுக்காரர் எதிரே வந்தார்.

"நல்ல சேதிதானே சார்? சந்தோசம். நாளைக்கு மட்டும் இந்தப் பக்கம் நடக்க வராதீங்க. அந்த ஓரத்துச் செடிய மட்டும் ஏதோ புதுப் பூச்சி திங்குதாம். மருந்தடிக்கச் சொல்லி கங்காணி ஆள் வுட்டுருக்காரு."