குசினிச் சாவிக்காகக் கொரிய மொழி படிக்கப் போன கதை

பிள்ளைகள் கொரிய நாடகம் பார்க்கத் தொடங்கியதிலிருந்து இந்தப் பக்கத்துக்கு வாசகர்களிடமிருந்து ஒரே கேள்விதான் வருகிறது. ரொறன்ரோவில் கொரியக் கடைத்தெருவுக்கு எப்படிப் போவது, நாலு வசனம் படித்துக்கொண்டு போக வேண்டுமா என்று. சொல்கிறேன். ஆனால் நான் முதன்முதலில் அங்கே போனது 1996 ஒக்ரோபரில், வயிறெரிந்துகொண்டு. அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. அதையும் சேர்த்துத்தான் வாசிக்க வேண்டும்.

அந்த மாதம் என் அண்ணன் வன்னியில் மலேரியாவில் இறந்துபோனார். செய்தி எனக்கு வந்தது பன்னிரண்டாம் நாள். சண்டைக்குள் போக வழியில்லை, போய்ப் பார்க்க உடலும் இல்லை. நான் செய்யக்கூடியதாக மிஞ்சியது முப்பத்தோராம் நாள் பூசையும் எண்பது பேருக்கு ஒரு சாப்பாடும்தான். ஸ்காபரோவில் தமிழ்க் கத்தோலிக்கர் நாங்கள் ஞாயிறு பின்னேரங்களில் பூசைக்கு வாடகைக்கு எடுத்த மண்டபத்தில் சமைக்க நல்ல பெரிய குசினி ஒன்று இருந்தது. காலையில் அதே மண்டபம் ஒரு கொரியக் கிறிஸ்தவ சபைக்கு. அவர்கள் ஒரு மணிக்குப் போவார்கள், நாங்கள் மூன்று மணிக்கு வருவோம். மூன்று வருடம் இப்படியே போனது.

நான் குசினியைக் கேட்டுப் போன அன்று மண்டபப் பொறுப்பாளர் எங்களிடமிருந்த குசினிச் சாவியைத் திருப்பித் தரச் சொன்னார். உங்கள் கறி வாசம் தாங்கமுடியவில்லை, அடுப்பில் பிசுக்கு என்று கொரியர்கள் முறைப்பாடு செய்துவிட்டார்களாம். எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. அவர்களுடைய ஊறுகாய் வாசம் எங்களுடைய பூசை முடியும்வரைக்கும் நிற்கும், நாங்கள் ஒரு நாளாவது வாய் திறந்தோமா?

எங்கள் ஆட்களைத் தெரியும்தானே, உடனே எங்கள் பூசைக் கமிட்டி கூடியது. வோபர்னில் தலைவர் அன்ரன் அண்ணையின் வீட்டு நிலவறையில் ஒன்பது பேர், இரண்டரை மணித்தியாலம். கண்டனக் கடிதமா, கையெழுத்து வாங்கி மகஜரா என்று அடிபட்டார்கள். என் அண்ணனைப் பற்றி ஒருவரும் ஒரு சொல் கேட்கவில்லை. கடைசியில் அன்ரன் அண்ணை என் பக்கம் திரும்பினார்.

“உவையளுக்கு இங்கிலீஷ் தெரியாது தம்பி. நீர்தானே கொரியாக்காரரோட வேலை செய்யிறனீர். உவையின்ர பாஷையில நாலு வசனம் படிச்சுக்கொண்டு போய்க் கதையும்.”

மிசிசாகாவில் என்னுடைய தொழிற்சாலையில் ஒரேயொரு கொரியர் இருந்தார். தலையாட்டுவதைத் தவிர எங்களுக்குள் வேறு பேச்சு இல்லை. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். “வாசல்ல நிக்கிற கொரியாக்காரரிட்ட உங்கட இங்கிலீஷில ஒருக்காக் கேட்டுப் பாருங்கோவன்” என்றாள். உனக்கு ஒன்றும் விளங்காது என்று அவளை அடக்கினேன்.

சனிக்கிழமை காலை 9.20க்கு மார்க்கம் வீதியில் பஸ் எடுத்து வோர்டன் ஸ்டேஷனுக்கு இருபத்தைந்து நிமிடம். அங்கிருந்து மேற்கே போகும் சுரங்க ரயிலில் பதினேழாவது தரிப்பு கிறிஸ்டி, அரை மணித்தியாலம். எல்லாமாக இருபது கிலோமீற்றருக்குச் சற்றுக் கூட. அப்போது ஒரு வழிக்கு இரண்டு டொலர், பஸ்ஸிலிருந்து ரயிலுக்கு மாறும் துண்டை மறக்காமல் வாங்கவேண்டும். கிறிஸ்டியில் படியேறி வெளியே வந்து புளோர் வீதியில் கிழக்கே நடந்தால் பெயர்ப்பலகையெல்லாம் கொரிய எழுத்து. அக்ரோட்டுப் பருப்பு வைத்துச் சுடுகிற குட்டிக் கேக் ஒரு பை மூன்று டொலருக்கு விற்றார்கள். கோபத்தில் ஒன்றும் வேண்டாம் என்று கடந்து போனேன். நீங்கள் அந்த மடத்தனத்தைச் செய்யாதீர்கள்.

புத்தகக் கடையில் 12 டொலர் 95 சதத்துக்கு ஒரு கைப்புத்தகம் வாங்கினேன். கடையிலேயே நின்று புரட்டினேன். விமானநிலையம் எங்கே, இந்தச் சட்டை என்ன விலை, எனக்கு மீன் பிடிக்கும். உலகத்தில் யாருக்கும் யாருடனும் ஒரு மனஸ்தாபமும் இல்லை என்று நினைத்துத்தான் இந்தப் புத்தகங்களை எழுதுகிறார்கள்!

கல்லாவில் நின்ற பெண்மணி நான் முணுமுணுப்பதைப் பார்த்து என்ன வேண்டுமென்று ஆங்கிலத்தில் கேட்டார். குசினியை நாங்கள் துப்புரவாகத்தான் விட்டோம், எங்கள் மேல் பிழை இல்லை என்று சொல்லவேண்டும் என்றேன். அவர் சொல்லச் சொல்ல நான் தமிழ் எழுத்தில் எழுதினேன். அன்யோங் ஹசெயோ என்றால் வணக்கம், கம்சா ஹம்னிதா என்றால் நன்றி, இப்படிப் பதினொரு வசனம். எழுதி முடிந்ததும், ஒரு குசினிக்கு இவ்வளவு பாடா என்று கேட்டார். அண்ணனின் சாப்பாடு என்றேன். அவர் பன்னிரண்டாவதாக ஒரு வசனத்தைத் தந்து, வேறு எதையும் சொல்வதற்கு முன் இதைச் சொல்லும்படி கேட்டுக்கொண்டார்.

ஹியொங்நிமி தொராகஷொஸ்ஸும்னிதா. என் அண்ணன் காலமாகிவிட்டார்.

திரும்பும் ரயிலில் அதைச் சத்தமாகப் பாடமாக்கினேன். முன்னால் இருந்தவர் எழும்பிப் போய் வேறு இருக்கையில் இருந்தார்.

மறுநாள் பன்னிரண்டரைக்கு மண்டபத்துக்குப் போனேன். குசினி பூட்டிக் கிடந்தது. கொரியப் பெண்கள் வெளி மேசையில் வீட்டிலிருந்து கொண்டுவந்த சட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்தும் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஏப்ரன் கட்டிய ஒரு அம்மாவின் முன்னால் நின்று பன்னிரண்டாவது வசனத்தைச் சொன்னேன். அந்த அம்மா கையைத் துடைத்துவிட்டுத் தலை குனிந்து நின்றார். பின்னால் இருந்தவர்களும் ஒவ்வொருவராக எழும்பினார்கள். மற்றப் பதினொரு வசனமும் எழுதிய தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தேன்.

பிறகு அவர், நான் ஜென்மத்திலும் பேசாத சுத்தமான ஆங்கிலத்தில், நடந்தது என்னவென்று விசாரித்தார். மார்க்கம் பக்கத்தில் கணக்காளராக வேலையாம். சொன்னேன். அவர் முகம் சிவந்தது. நாங்கள் ஒரு நாளும் முறைப்பாடு செய்யவில்லை, எங்கள் ஊறுகாய் நாறுகிறது என்று நீங்கள் சொன்னதாக அல்லவா பொறுப்பாளர் எங்கள் சாவியையும் வாங்கினார் என்றார். ஒரு கிழமையாக எங்களை அவர்கள் திட்டுகிறார்கள், அவர்களை நாங்கள் திட்டுகிறோம்!

இருவருமாகப் பொறுப்பாளரின் அறைக்குப் போனோம். நாலு கேள்வியில் உண்மை வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை இரண்டு சபையும் போனபின் இரண்டு தரம் குசினியைத் திறந்து துப்புரவு பார்த்துப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போக அவருக்கு நேரம் பிந்துகிறதாம், அதற்காகத்தான் இரண்டு பக்கமும் பொய் சொல்லிச் சாவியை வாங்கினாராம். அவ்வளவுதான். ஒரு மனிதனின் அலுப்புக்கு என் அண்ணனின் கடைசிச் சாப்பாடு விலை. ஒரு சின்னப் புரிதல் பிழை என்று சிரித்தபடி இரண்டு சாவியையும் மேசையில் வைத்தார். எங்கள் கமிட்டியும் கூட்டக் குறிப்பில் “இரு சபையாரிடையே நிலவிய தப்பபிப்பிராயம் நீங்கியது” என்று எழுதியது. என்ன தப்பபிப்பிராயம்? பச்சைப் பொய் என்று எழுத ஒன்பது பேரில் ஒருவருக்கும் கை வரவில்லை.

முப்பத்தோராம் நாள் நடந்தது. அந்த அம்மாவும் இன்னும் ஆறு பேரும் வீட்டுக்குப் போகாமல் மூன்று மணிவரை காத்திருந்து, பூசை முழுக்க நின்று, எங்களோடு இருந்து சோறு சாப்பிட்டார்கள். உறைப்பில் கண்ணீர் வடிந்தும் ஒருவரும் இலையில் மிச்சம் விடவில்லை.

போகிறவர்களுக்குச் சொல்வது: சனிக்கிழமை பதினொரு மணிக்கு முன் போங்கள், அக்ரோட்டுக் கேக்கைச் சூட்டோடு வாங்குங்கள், வணக்கமும் நன்றியும் படித்துக்கொண்டு போங்கள். உங்களைப் பற்றி ஒருவர் முறையிட்டதாக இன்னொருவர் வந்து சொன்னால், மொழி படிக்கப் போகமுதல் முறையிட்டவரிடமே போய்க் கேளுங்கள். என் மனைவி சொன்னது அதைத்தான். மூன்று வருடம் ஒரே கதவால் போய்வந்த எங்களுக்கு அது தோன்றவில்லை.

கைப்புத்தகம் எப்போதோ தொலைந்துவிட்டது. இன்று கொரியக் கடையில் ஒரு போத்தல் தண்ணீர் கேட்கவும் எனக்குத் தெரியாது. அண்ணன் காலமாகிவிட்டார் என்று மட்டும் பிழையில்லாமல் சொல்வேன்.