முகத்தை மறைத்த இலை

ஸ்டுடியோ அக்காவுக்குக் கை சும்மா இருக்காது. பாஸ்போர்ட் படத்துக்கு வந்து ஸ்டூலில் உட்காருகிறவர் யாராக இருந்தாலும், கேமராவைத் தொடும் முன் எழுந்துபோய் ஆளைச் சரிசெய்துவிடுவார். காதை மூடிய முடியை ஒதுக்குவார். தாடையை விரல் நுனியால் இறக்குவார். கடையில் இருப்பது ஒரே கோட்டு; ஒல்லியானவர்கள் போட்டால் தொளதொளவென்று தொங்கும். முதுகுப்பக்கம் துணியைச் சுருட்டிப் பிடித்து ஒரு கறுப்புக் கிளிப்பைப் போட்டுவிடுவார். முன்னாலிருந்து பார்த்தால் அளவெடுத்துத் தைத்தது போலிருக்கும். அதற்காகவே அவர் கைப்பையில் எப்போதும் கிளிப்புகள் கிடக்கும்.

இந்தத் தொழிலை அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கல்யாணமான புதிதில் கணவர் பஸ் கண்டக்டர். விடிந்து போனால் பொழுது அடைந்துதான் வருவார். வீட்டின் முன்னறை காலியாகக் கிடந்தது. பழைய கேமரா ஒன்றை வாங்கி, படங்களைப் பாழாக்கிப் பாழாக்கித் தானே பழகிக்கொண்டார். பறவைக் கிறுக்கு பிடித்தது, பிள்ளைகள் வெளியூர் போன பிறகு. வன அலுவலகத்து ஊழியர்களின் அடையாள அட்டைக்குப் படமெடுக்கப் போனவர், திரும்பும் வழியில் ஒரு மரங்கொத்தியை எடுத்தார். கலங்கலாக வந்தது. அந்தக் கோபத்தில் அடுத்த வாரமும் போனார். அதன்பின் செவ்வாய்க்கிழமைகளில் ஸ்டுடியோ மதியத்துக்கு மேல்தான் திறக்கும்.

காட்டுக்குள் போக அனுமதி அட்டை வேண்டும். வாசலில் இருக்கும் காவலர் அக்காவுக்கு வாங்கிக் கொடுத்திருந்தார். நிபந்தனைகள் இரண்டு. உச்சிவெயிலுக்குள் வெளியே வந்துவிட வேண்டும். கூட்டுக்குப் பக்கத்தில் எதையும் தொடக்கூடாது. தொட்டால் அட்டை போய்விடும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஓடைக்கரையில் ஈப்பிடிப்பான் கூடு ஒன்று கண்ணில் பட்டது. ஆள் உயரத்தில், கிளைக்கவட்டில், டீ கிளாஸ் வாயளவுக்கு ஒரு கிண்ணம். உள்ளே மூன்று குஞ்சுகள். தாய் பூச்சியோடு வருவதும் போவதுமாக இருந்தது. லென்ஸ் நீளமானது, தூரத்திலிருந்தே எடுக்கலாம். ஆனால் ஒரு அகலமான இலை கூட்டின் மேல் தொங்கி, தாய் வந்து உட்காரும்போதெல்லாம் அதன் முகத்தை மறைத்தது.

"வால் மட்டும் பாஸ்போர்ட்டுக்கு ஆகாது போலிருக்கே" என்றார் ஸ்டாண்டைச் சுமந்து வந்த கணவர்.

"கிண்டல் பண்ணாம நில்லுங்க."

தாய் பறந்ததும் அக்கா போனார். இலையை ஒதுக்கிப் பக்கத்துக் குச்சியோடு சேர்த்துக் கிளிப்பைப் போட்டுவிட்டு வந்தார். யோசித்துச் செய்தது இல்லை, கை செய்தது. பிறகு எடுத்த படங்கள் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல வந்தன. மணியாகிவிட்டது என்று காவலர் விசில் ஊத, இருவரும் சாமான்களை அள்ளிக்கொண்டு வெளியேறினார்கள்.

வேலைக்கு விண்ணப்பிக்கப் படம் வேண்டி ஒரு பெண் கடை வாசலில் காத்திருந்தாள். அவளை உள்ளே உட்காரச் சொல்லிவிட்டு, ஆசை தாங்காமல் காலையில் எடுத்ததைக் கணினியில் திறந்தார் அக்கா. தாயின் கண், அலகில் பூச்சி, குஞ்சுகளின் வாய், எல்லாம் துல்லியம். ஓரத்தில் மட்டும் ஒரு கறுப்புப் பொட்டு. முகப்பருவையும் தழும்பையும் அழிக்கிற அதே பழக்கத்தில் அதை அழிக்கப் பெரிதாக்கினார்.

கிளிப்.

எழுந்து வாசலைப் பார்த்தார். வெளியே வெயில் தார்ச்சாலையை உருக்கிக்கொண்டிருந்தது. அந்த இலைதான் குஞ்சுகளுக்குக் கூரை.

"என்னங்க, வண்டியை எடுங்க."

"இப்பதானே வந்தோம்? சாப்பாடு..."

"எடுங்கன்னா எடுங்க!" பெண்ணிடம் திரும்பி, "கோவிச்சுக்காதம்மா, சாயங்காலம் வா, காசு வேண்டாம்" என்று சொல்லிக்கொண்டே ஷட்டரை இழுத்தார்.

காட்டு வாசல் பூட்டியிருந்தது. காவலர் சாப்பிட்ட கையோடு வந்தார்.

"என்னக்கா, எதையாவது விட்டுட்டீங்களா? நாளைக்கு எடுத்துத் தரேன்."

ஆமாம், லென்ஸ் மூடி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆனால் நாளை வரை குஞ்சுகள் தாங்காது.

"கூட்டு மேல இருந்த இலையை ஒதுக்கி கிளிப் போட்டுட்டேன் தம்பி. எடுக்க மறந்துட்டேன்."

காவலர் அவரை ஒரு பார்வை பார்த்தார். "நீங்களா?" என்று மட்டும் கேட்டார். பூட்டைத் திறந்தார்.

ஓடைக்கரைக்கு ஓட்டமும் நடையுமாகப் போனார்கள். கூட்டின் மேல் வெயில் நேராக இறங்கியிருந்தது. தாய் இரை தேடப் போகவில்லை. இரண்டு சிறகையும் விரித்துக் குஞ்சுகளுக்கு மேல் குடை மாதிரி நின்றது. அலகு திறந்திருக்க, தொண்டை படபடவென்று அடித்துக்கொண்டது. அது அப்படி எவ்வளவு நேரமாக நிற்கிறதோ!

"சட்டுனு போய் எடுத்துட்டு வாங்க. நிக்கக் கூடாது" என்றார் காவலர்.

அக்கா போனதும் தாய் விலகிப் பறந்தது. கிளிப்பை எடுத்தார், இலை தொங்கியது, ஆனால் முன்பு போல விறைப்பாக இல்லை, வாடித் துவண்டிருந்தது. அதைச் சரிசெய்யக் கை நீண்டது. பின்னாலிருந்து காவலர், "அக்கா!" என்றார். கையை இழுத்துக்கொண்டு திரும்பினார்.

மரத்துக்குப் பின்னால் காத்திருந்தார்கள். வெகுநேரம் கழித்துத் தாய் வந்தது. இலைக்குக் கீழே நுழைந்தது. வால் மட்டும் தெரிந்தது.

வாசலுக்கு வந்ததும் காவலர் கையை நீட்டினார். அக்கா அட்டையைக் கொடுத்தார்.

"நிஜமாவே வாங்கிக்கிறியாப்பா? இவ ராத்திரி தூக்கத்துலகூட குருவி பேர்தான் சொல்றா" என்றார் கணவர்.

"குஞ்சு பறக்கட்டும், பாக்கலாம் சார்."

அதன்பின் வந்த செவ்வாய்களில் அக்கா கேமரா இல்லாமல் வாசல் வரை போய்க் கேட்டுவிட்டுத் திரும்பினார். கணவர் வண்டியை அணைக்காமலே காத்திருப்பார். ஒருநாள் அக்கா கேட்பதற்கு முன்பே காவலர் மேசை இழுப்பறையைத் திறந்தார்.

"ரெண்டு பறந்துடுச்சு."

"மூணாவது?"

"கூட்டுல இல்ல."

"வெயிலா? காக்காயா?"

"அதை யாரு பாத்தா? இன்னைக்குக் காலையிலதான் போனேன், அதுக்கு முந்தி ரெண்டு நாள் அந்தப் பக்கம் நான் போகல." காவலர் அட்டையை நீட்டினார். "வெச்சுக்கங்க. நீங்களா வந்து சொன்னதாலதான் தரேன்."

அக்கா உடனே வாங்கிக்கொள்ளவில்லை. சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தார், பிறகு வாங்கினார்.

"உள்ளயா, வீட்டுக்கா?" என்றார் கணவர், வண்டியில் இருந்தபடியே.

"உள்ளதான். வண்டியை நிறுத்திட்டு வாங்க. ஓடைக்கு இந்தப் பக்கமே நின்னு பாத்துட்டு வந்துடலாம்."