குருத்தோலை கட்டிய கேன்

ஜொவிட்டாவின் கண்ணில் முதலில் பட்டது கேன் இல்லை, அதன் கைப்பிடியில் கட்டியிருந்த குருத்தோலைச் சிலுவைதான்.

மயிலாப்பூர் மாடவீதிக்குப் பின்னால் இருந்த ஒரு பட்சணக் கடையின் அடுப்படி அது. முறுக்கும் மிக்சரும் பொரித்து முடித்த எண்ணெயைக் கேட்டு வந்திருந்தாள். அவள் வேலையே அதுதான். அடையாறு, தி.நகர், மயிலாப்பூர் என்று அடுப்படி அடுப்படியாக ஏறி இறங்கி, லிட்டருக்கு இவ்வளவு என்று காசு கொடுத்துப் பழைய எண்ணெய் சேர்ப்பாள். கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு சின்ன ஆலையில் அது பயோடீசலாகி, லாரிக்குப் போகும் டீசலில் கலக்கும். பட்டினப்பாக்கத்தில் அவள் குடும்பத்தில் டிகிரி வாங்கிய முதல் ஆள் அவள்தான், அதுவும் வேதியியலில். “எச்ச எண்ணெய் பொறுக்கவா படிச்சே?” என்று தெருவில் கேட்காதவர்கள் இல்லை. சில நாள் அவளே தன்னைக் கேட்டுக்கொள்வாள்.

ஆலைக்கு எண்ணெய் போதவில்லை. வாரத்தில் பாதி நாள் இயந்திரம் சும்மா நின்றது. ஊரில் எண்ணெய்க்கா பஞ்சம்? கறுத்துப்போன எண்ணெய் ஆலைக்கு வராமல் தெருக்கடைகளுக்குப் போய் மறுபடி வாணலியில் ஏறியது. இந்தக் கடையும் கிடைக்காவிட்டால் மயிலாப்பூருக்கு வண்டி அனுப்புவதையே நிறுத்தப்போவதாக மேலாளர் ஸ்ரீநாத் சொல்லியிருந்தார். வண்டி நின்றால் அவள் வேலையும் நின்றுவிடும்.

“அந்தக் கேன் யாருதுங்க?”

“அதுவா?” என்றார் கடைக்காரர் கல்யாணராமன். “பட்டினப்பாக்கத்துலேர்ந்து ஒரு அம்மா வருவா. மீன் வறுத்து விக்கறா. ரொம்ப வருஷமா எடுத்துண்டு போறா. பொண்ணு படிக்கறான்னு சொன்னா. கொட்டப்போற எண்ணெய்தானேன்னு கொடுக்கறேன். உங்க கம்பெனிக்குக் கொடுத்தா அவளுக்கு நான் என்னம்மா பதில் சொல்றது?”

வருஷா வருஷம் குருத்தோலை ஞாயிறன்று கோயிலிலிருந்து வந்ததும் ஜொவிட்டாவின் அம்மா ஓலையைக் கிழித்து மூன்று சிலுவை மடிப்பாள். வாசலுக்கு ஒன்று, அப்பா ஸ்தனிஸ்லாஸின் படத்துக்கு ஒன்று, எண்ணெய்க் கேனுக்கு ஒன்று. எண்ணெய் மொத்தக் கடையில் வாங்குவது என்றுதான் மகளிடம் சொல்லியிருந்தாள். மகளும் அதற்கு மேல் கேட்டதில்லை.

ஜொவிட்டா கேனைத் திறந்து சோதனைக் கருவியை இறக்கினாள். சிவப்பு விளக்கு எரிந்தது. சிவப்பு எரிந்தால் அந்த எண்ணெயில் எதையும் வறுக்கக் கூடாது.

“நான் எடுத்துக்கறேன் சார். அந்த அம்மாகிட்ட நானே சொல்லிக்கறேன்.”

“உனக்கு அவாளைத் தெரியுமா?”

“எங்கம்மா.”

கல்யாணராமன் துண்டை எடுத்துக் கையைத் துடைத்தார். துடைத்த கையையே மறுபடியும் துடைத்தார்.

அன்று மாலை கடற்கரையில் அம்மா ஃப்ளோரன்ஸ் மசாலா தடவிய மீனைத் தட்டில் அடுக்கிவிட்டு, இனி அந்த எண்ணெய் வராது என்று மகள் வந்து சொன்னதைக் கேட்டு, பற்ற வைக்காத அடுப்பின் முன் உட்கார்ந்திருந்தாள்.

“இன்னா ஃப்ளோரன்ஸக்கா, அடுப்பு தூங்குது?” என்று ஆட்டோவை ஓரங்கட்டினான் எரிக். “பொண்ணு கலெக்டர் ஆயிட்டாளா?”

“எண்ணெ கலெக்டரு. கேட்டுக்கோ, இங்கதான் நின்னுகினு கீறா.”

ஜொவிட்டா காலி கேனைக் கீழே வைத்தாள். எரிக் சிரிப்பை அடக்கிக்கொண்டு நகர்ந்துவிட்டான்.

“அது விஷம்மா. விளக்கு சிவப்பா எரிஞ்சிது.”

“அந்த விஷத்துல வறுத்த மீனத் துன்னுதான்டி நீ வளர்ந்தே. அதுல வந்த காசுலதான் காலேஜு போனே. நான் மீன் வறுத்தா விஷம். நீ லாரில ஊத்தினா புண்ணியமா?”

புகை குறையும், கச்சா எண்ணெய் இறக்குமதி குறையும் என்று கடைக்காரர்களிடம் சொல்லும் எதையும் ஜொவிட்டா அம்மாவிடம் சொல்லவில்லை. தன் வேலைக்காகத்தான் எண்ணெயைப் பிடுங்கினோமோ என்ற கேள்வியும் உள்ளே கிடந்து உறுத்தியது.

அந்த வாரம் அம்மாவின் மீன் கடை திறக்கவில்லை. அம்மா பேசவும் இல்லை. மயிலாப்பூரில் கல்யாணராமன் சொல்லி இன்னும் சில கடைகள் சேர்ந்தன. வண்டி நிற்காது என்று ஸ்ரீநாத் போனில் சொன்னபோது ஜொவிட்டா, “சரி சார்” என்று மட்டும் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தவள், கடையில் புகையைப் பார்த்து ஓடினாள். வாணலியில் புது எண்ணெய். மீன் வழக்கத்தில் பாதிதான். விலை ஏறியிருந்ததால் கூட்டமும் பாதிதான். வந்தவர்களில் ஒருவர் முணுமுணுத்துவிட்டு வாங்காமலே போனார். அம்மா அவரைக் கூப்பிடவில்லை.

மீன் தீர்ந்ததும் அடுப்பை அணைத்தாள். எண்ணெய் பழுப்பேறியிருந்தது.

“உன் மெஷின வுட்டுப் பாரு.”

ஜொவிட்டா கருவியை இறக்கினாள். மஞ்சள் விளக்கு.

“மஞ்சள்னா இன்னா?”

“இன்னொரு தபா வறுக்கலாம்மா.”

“அதுக்கப்புறம்?”

“அதுக்கப்புறம் வேணாம்.”

ஃப்ளோரன்ஸ் வாணலியைத் தட்டால் மூடி, அதன் மேல் ஒரு கல்லை வைத்தாள். காலி கேனை இழுத்து, கைப்பிடியில் காய்ந்து சுருண்டிருந்த ஓலைச் சிலுவையை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள். கேனை மகள் பக்கம் தள்ளினாள்.

“நாளைக்கு சாயங்காலம் வந்து எடுத்துகினு போ. மத்த கடைக்கு இன்னா குடுக்கறியோ, அதேதான் எனக்கும். பொண்ணுன்னு கொறைக்காத.”